மஸ்டர் ரோலில் இல்லாத பெயர்

இருபத்திரண்டு வருடமாக டைம் ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறேன். பனியன் கம்பெனியில் டைம் ஆபீஸ் என்றால் கேட்டை ஒட்டி ஒரு கண்ணாடி அறை. யார் வந்தார்கள், எத்தனை மணிக்கு வந்தார்கள், யார் லீவு, யார் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்கு ஓடினார்கள், எல்லாம் மஸ்டர் ரோல் என்கிற வருகைப் பதிவேட்டில் என் கையெழுத்தில்தான் இருக்கும். அறுநூற்று நாற்பது பேர். ஒருத்தர் பேரும் எனக்கு மறக்காது. கிட்டுசாமிக்குக் கோபம் மூக்குக்கு மேலே நிற்கும் என்று செக்கிங் பெண்கள் பேசிக்கொள்வது என் காதிலும் விழும். ஒழுங்காக வேலை செய்கிறவனுக்குக் கோபம் வராமல், தூங்குகிறவனுக்கா வரும்?

2007 ஜூன் மாதம் ஒரு நாள் காலையில் முதலாளி கூப்பிட்டனுப்பினார். முதலாளி பிரபாகருக்கு என்னைவிடப் பதினைந்து வயது குறைவு. தோட்டத்தை விற்றுக் கம்பெனி போட்ட பெரியவருடைய மகன். மேஜை மேல் ஒரு கடிதம் பிரித்துக் கிடந்தது.

"கிட்டுசாமி, ஒச்சம்மாள்னு ஆராச்சும் நம்மகிட்ட வேலை பாத்தாங்களா?"

"இல்லீங்களே மொதலாளி. அந்தப் பேர்ல ஆரும் இல்லீங்க."

"செக்கிங்ல விசாரிச்சேன். நம்ம நிர்மலாதானாம் அது."

விஷயம் எனக்கு உடனே புரிந்துவிட்டது.

அந்தக் காலத்தில் திருப்பூருக்கு பஸ் ஏறி வந்த பிள்ளைகளில் எத்தனையோ பேர் இரவல் பேரில்தான் வேலைக்குச் சேர்ந்தார்கள். தங்கைக்கு வயது பற்றாது. அக்காளின் பள்ளிக்கூட சர்டிபிகேட்டைக் கொண்டுவந்து காட்டுவார்கள். நானும் அதில் இருக்கிற பேரை, அதில் இருக்கிற வயதை எழுதிக்கொள்வேன். தெரியாமல் எழுதவில்லை. பதினாறு வயதுப் பெண் எப்படி இருப்பாள், பன்னிரண்டு வயதுப் பிள்ளை எப்படி இருக்கும் என்று தெரியாத மடையன் இல்லை நான். ஆள் வேண்டும், ஷிப்மெண்ட் போக வேண்டும், எழுதினேன். உசிலம்பட்டிப் பக்கமிருந்து வந்த இந்தப் பெண்ணும் பெரியம்மா மகள் சர்டிபிகேட்டில்தான் வந்தாள். நிஜமான நிர்மலா ஊரில் கல்யாணம் கட்டி இரண்டு பிள்ளை பெற்றுவிட்டாள். இவள் எங்களிடம் எட்டு வருடம் நிர்மலாவாக பனியனில் ஓட்டை பார்த்தாள், எண்ணெய்க் கறை பார்த்தாள். போன மாதம்தான் வேலையை விட்டு நின்றாள்.

கடிதம் ஒரு கல்லூரியிலிருந்து வந்திருந்தது. பல்லடம் தாண்டி தாராபுரம் ரோட்டில் கலை, சட்டம், கல்வியியல், சமூக அறிவியல் நான்கையும் ஒரே வளாகத்தில் வைத்துப் புதிதாகத் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி. ஒவ்வொரு படிப்பிலும் இரண்டு இடத்தை, ஐந்து வருடம் மில்லிலோ பனியன் கம்பெனியிலோ வேலை பார்த்தவர்களுக்கென்று ஒதுக்கியிருக்கிறார்களாம். ஃபீஸ் கிடையாது, ஹாஸ்டலும் இலவசம். இந்தப் பெண், வேலை பார்த்துக்கொண்டே பத்தாவதும் பிளஸ் டூவும் தனித்தேர்வாக எழுதித் தேறி, ஐந்து வருடச் சட்டப் படிப்புக்கு அந்த இடத்தைக் கேட்டிருக்கிறாள். மார்க் ஷீட்டில் இருப்பது சொந்தப் பேர், ஒச்சம்மாள். வியாழக்கிழமை நேர்காணல், இவர் உங்களிடம் வேலை பார்த்தது உண்மையா, பதிவேட்டுடன் ஒருவரை அனுப்பி உறுதி செய்யுங்கள் என்று எழுதியிருந்தது.

"அடுத்த மாசம் பையர் ஆடிட் வருது" என்றார் முதலாளி. சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் வந்து எல்லாவற்றையும் சோதிப்பார்கள். "பன்னெண்டு வயசுப் புள்ளைய வேற பேர்ல வெச்சு வேலை வாங்குனாங்கன்னு ஒரு காகிதம் வெளிய போச்சுன்னா, ஆர்டர் அத்தனையும் போயிரும். ஆளே அனுப்பாம உட்டா அவங்களே இங்க வந்து நிப்பாங்க. நீங்க ரிஜிஸ்டர எடுத்துட்டுப் போங்க. ஒச்சம்மாள்னு ஆரும் இல்லைன்னு காட்டிட்டு வந்துருங்க. பொய் ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

"ஆமாங்க. பொய்யில்லீங்களே" என்றேன் நானும்.

வியாழக்கிழமை ஆள் சேர்த்த ரிஜிஸ்டரைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். பல்லடத்தில் அடுத்த பஸ்ஸுக்கு ஓடியதில் செருப்பு வார் அறுந்தது. அந்தக் கோபத்தையும் சேர்த்து அவள் மேலேயே காட்டினேன். இத்தனை வருடம் சோறு போட்ட கம்பெனியை இப்படியா இழுத்துவிடுவாள்? படிக்கிறதென்றால் பேசாமல் தபாலில் படிக்க வேண்டியதுதானே!

ஆனால் சும்மா சொல்லக் கூடாது. அந்தக் கல்லூரி கேட்டுக்குள் காலை வைத்ததும் என் வாய் தானாக அடங்கிவிட்டது.

கட்டடம் ஒன்றும் அரண்மனை இல்லை. நடுவில் வேப்ப மரங்கள், நான்கு பக்கமும் நான்கு கட்டடம், ஒன்றையொன்று பார்த்தபடி. சட்டத்துறை எங்கே என்று விசாரித்துப் போகும் வழியில் முதல் கட்டடத்து ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். கல்யாணமாகும் வயதில் இருபது பெண்கள் பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் ஒருத்தி காகிதத்தை மடித்து மடித்து அரை, கால், அரைக்கால் என்று சொல்லிக்கொடுத்தாள். பெஞ்சில் இருந்தவர்கள் சின்னப் பிள்ளைகள் மாதிரி "மிஸ், மிஸ்" என்று கையைத் தூக்கினார்கள். ஒருத்தி வேண்டுமென்றே பக்கத்தில் இருந்தவளைக் கிள்ளிவிட்டு முழித்தாள். சொல்லிக்கொடுத்தவள் அதட்டவில்லை, கிள்ளியவளையே கூப்பிட்டுக் காகிதத்தை மடிக்கச் சொன்னாள். கடைசியில் ஒரு பேராசிரியர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டிருந்தார்.

"என்னுங்க இது கூத்து?" என்று அங்கே நின்ற அட்டெண்டரைக் கேட்டேன்.

"டீச்சர் ஆகறதுக்குப் படிக்கிறாங்க. அடிக்காம சொல்லிக்குடுக்கப் பழகோணுமுங்களே" என்றார்.

எனக்குப் பாடம் சொன்ன வாத்தியார் விரல் முட்டியில் பிரம்பால் தட்டித்தான் சொன்னார். அடிக்காமல் இருப்பதையும் ஒருத்தர் உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது ஐம்பத்திரண்டு வயதில்தான் எனக்குத் தெரிகிறது!

அடுத்த கட்டடத்து வராந்தாவில் பாய் நீளத்துக்கு ஒரு காகிதத்தை விரித்து நாலைந்து மாணவர்கள் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கோயில் கல்லில் இருந்த எழுத்தை மையொற்றி எடுத்து வந்ததாம். எனக்கு அது கோழி கிளறிய மண்ணாகத்தான் தெரிந்தது. ஒரு பெண் விரலை வைத்துத் திணறித் திணறிப் படித்தாள். கோயில் விளக்கெரிக்க, நெய்க்காக ஆடு கொடுத்த ஒருவனுடைய பேர் அதில் இருந்தது. ஆயிரம் வருடத்துக்கு முந்தின ஆடு மேய்க்கிறவன். அவன் பேரைக் கண்டுபிடித்ததும் அந்தப் பிள்ளைகள் கை தட்டினார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நான் எழுதிய பழைய மஸ்டர் ரோல்களை நாங்கள் எடைக்குப் போட்டுவிடுவோம்.

மூன்றாவது கட்டடத்தில்தான் பயம் வந்தது. சுவர் முழுக்கத் திருப்பூர் படம். தெருத் தெருவாக, சாயப்பட்டறை, நிட்டிங், கட்டிங், ஸ்டிச்சிங் என்று கலர் கலராகக் குண்டூசி குத்தி வைத்திருந்தார்கள். எங்கள் தெருவைத் தேடினேன். இருந்தது. எங்கள் கம்பெனியும் இருந்தது. பக்கத்தில் சின்ன எழுத்தில் 'பெண்கள் 410, ஆண்கள் 230'. மனதுக்குள் கூட்டினேன். அறுநூற்று நாற்பது. அடேயப்பா! எங்கள் கேட்டுக்குள் வராமலே என் கணக்கை யாரோ எடுத்து வைத்திருக்கிறார்கள். ரிஜிஸ்டர் பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

சட்டத்துறை வராந்தாவில் பத்துப் பன்னிரண்டு பேர் காத்திருந்தார்கள். கடைசி பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்தாள்.

"அண்ணே, நீங்களே வந்துட்டீகளா! லெட்டர் கொண்டாந்தீகளா?"

எட்டு வருடத்தில் அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கண்டதில்லை. உள்ளே பேசிக்கொள்கிறேன் என்று முனகிவிட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்தேன். அவள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள். மடியில் ஒரு புத்தகம். அந்த இடம் கிடைக்காவிட்டால் அடுத்த வாரம் வேறு ஏதோ கம்பெனியில் மறுபடி நிர்மலாவாக ஓட்டை பார்க்க வேண்டியதுதான். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அறைக் கதவு திறந்தது. அட்டெண்டர் பட்டியலைப் பார்த்து, "ஒச்சம்மாள்!" என்றார்.

அவள் அசையவில்லை. புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒச்சம்மாள்! ஒச்சம்மாள் இருக்காங்களா?"

மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவளும் தலையைத் தூக்கி, யாரோ ஒரு ஒச்சம்மாளைத் தேடுகிற மாதிரி சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பப் புத்தகத்தில் குனிந்துகொண்டாள். எனக்குச் சுரீரென்றது. கூப்பிடுவது தன்னைத்தான் என்று அவளுக்குத் தெரியவில்லை! எட்டு வருடமாக அந்தப் பேரைச் சொல்லி யாரும் கூப்பிடவே இல்லையே, எப்படித் தெரியும்?

பேசாமல் இருந்திருக்கலாம். மூன்றாவது தரம் கூப்பிட்டு ஆள் வராவிட்டால் அடுத்த பேருக்குப் போய்விடுவார்கள். என் வேலை நான் வாயைத் திறக்காமலே முடிந்திருக்கும். முதலாளிக்கும் திருப்தி.

"ஒச்சம்மாள், கடைசி தடவை!" என்று சொல்லிவிட்டு அட்டெண்டர் பேனாவை எடுத்தார். பேரைச் சொன்ன பிறகும் எழுந்திருக்காத ஆளை இருபத்திரண்டு வருடத்தில் நான் விட்டதே இல்லை. பாழாய்ப்போன அந்தக் கோபம் முந்திக்கொண்டது.

"ஏ நிர்மலா! கூப்புடறது காதுல உழுகல?"

துள்ளி எழுந்தாள். புத்தகம் கீழே விழுந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்து, முகத்தில் ரத்தமே இல்லாமல் போயிற்று. கதவு மறைவிலிருந்து ஓர் அம்மாள் வெளியே வந்து என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். ஐம்பது வயது, காட்டன் சேலை, மூக்குக் கண்ணாடி.

"நீங்க கம்பெனியிலிருந்துதானே வந்திருக்கீங்க? ரெண்டு பேரும் உள்ள வாங்க" என்றார்.

அவர்தான் சட்டத்துறைத் தலைவர். மேஜை மேல் பேர்ப்பலகை இருந்தது: முனைவர் சாமியாத்தாள். எங்கள் ஊரான குண்டடத்துப் பக்கம் தோட்டம் காட்டில் கூலி வேலைக்குப் போகிறவர்கள் வைத்துக்கொள்ளும் பேர். அந்தப் பேருக்குப் பின்னால் மூன்று பட்டம். அவருக்குப் பக்கத்தில் மற்ற மூன்று துறைத் தலைவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். எந்தப் படிப்புக்கானாலும் நான்கு பேரும் சேர்ந்துதான் ஆள் எடுப்பார்களாம். அது அந்தக் கல்லூரி வழக்கம்.

"சொல்லுங்க. ஒச்சம்மாள்ங்கற பேர்ல உங்க கம்பெனியில ஆராவது வேலை பாத்தாங்களா?"

"இல்லீங்க" என்றேன். வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்த சொல். ரிஜிஸ்டரை எடுத்து மேஜை மேல் வைத்தேன். "நீங்களே பாத்துக்கலாமுங்க."

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். அழவில்லை. திட்டவில்லை. லெட்டர் கொண்டுவந்தீர்களா என்று கேட்ட அந்த முகம் மட்டும் அணைந்துபோயிற்று.

சாமியாத்தாள் ரிஜிஸ்டரைத் தொடவில்லை. பிறகு அவள் பக்கம் திரும்பி, "கண்ணு, நீ சட்டம் படிக்கத்தானே வந்திருக்கறே? இவரு இல்லைங்கறாரு. நீயே கேளு" என்றார்.

அவள் எழுந்து நின்றாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"அண்ணே, உங்க ரிஜிஸ்டர்ல ஒச்சம்மாள்னு யாரும் இல்ல. சரிதானண்ணே?"

"ஆமா."

"நிர்மலான்னு ஒருத்தி இருக்காளா?"

"இருக்குது."

"அந்த நிர்மலா இப்ப இந்த ரூமுக்குள்ள இருக்காளா?"

வாசலில் வைத்து ஊருக்கே கேட்கும்படி கத்தியாயிற்று. இனி எந்த வாயால் இல்லை என்பது? "இருக்குது" என்றேன். "எம்முன்னாடி நிக்குது."

"அவ சேந்த பக்கத்த எடுங்கண்ணே."

எடுத்தேன். 1999 ஜூன் 14. நிர்மலா, வயது பதினாறு. வரிசை வரிசையாக என் எழுத்து. கடைசிக் கட்டத்தில் அவள் கையெழுத்து.

"கையெழுத்து எப்படி இருக்குன்னு மேடத்துக்குச் சொல்லுங்கண்ணே."

அந்த ரிஜிஸ்டரில், முந்நூறு பக்கத்தில், அடித்தல் இருக்கிற இடம் அது ஒன்றுதான். "மொதல்ல என்னவோ எழுதி அடிச்சிருக்குதுங்க. அப்பறம் நிர்மலான்னு இருக்குதுங்க."

"அடிச்ச எழுத்து தெரியுதாண்ணே?"

"ஒ... ச்... அவ்வளவுதான்."

"அடிக்கச் சொன்னது யாருண்ணே?"

எல்லாம் ஞாபகம் வந்தது. ஸ்டூலில் உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டாத ஒரு பிள்ளை. பேனாவைக் கொடுத்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டு தன் பேரை எழுதத் தொடங்கியது. நான் ஸ்கேலால் மேஜையை அடித்துக் கத்தினேன். 'சர்டிபிகேட்ல இருக்கற பேர எழுது, பக்கத்தையே கெடுத்துட்டியே!' பக்கம் கெட்டுப்போனதில் அன்றைக்கு முழுக்க எனக்குக் கோபம். பக்கத்தைத்தான் நினைத்தேன். வேறு எதையும் நினைக்கவில்லை.

"நாந்தான்" என்றேன்.

"அந்த எழுத்துக்கப்புறம் என்னன்னு கேட்டீகளாண்ணே? எட்டு வருசத்துல ஒரு நா, எம்பேரு என்னன்னு?"

நான்கு துறையும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆனால் எனக்கு அவர்கள் யாரும் பெரிதாகத் தெரியவில்லை. டியூப் லைட் வெளிச்சத்தில் குனிந்த தலை நிமிராமல் பனியனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த பெண், குரலை உயர்த்தாமல், ஒரு தப்பு வார்த்தை பேசாமல், ஒவ்வொரு கேள்வியாக வைத்து என்னை எங்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டாள்! யம்மாடி, இத்தனையும் இவளுக்குள் எங்கே இருந்தது? என் கண்ணாடி அறையைத் தாண்டித்தானே தினமும் போனாள், வந்தாள்.

"கேக்கலீங்க" என்றேன். நான் அவளுக்கு 'ங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

"வேற கேள்வி இல்ல மேடம்" என்றாள் அவள். உட்காராமல் அப்படியே நின்று, "அண்ணன் மேல மட்டும் குத்தம் இல்ல. நானும் பொய் சொல்லித்தான் சேந்தேன். அன்னைக்கு இவுக எழுதிக்கலைன்னா எங்க வீட்டுல கஞ்சி இல்ல" என்றாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. எனக்கும் வந்துவிட்டது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

சாமியாத்தாள் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் நகர்த்தினார். "இந்தப் பொண்ணும் அந்த நிர்மலாவும் ஒரே ஆளுதான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டீங்கன்னா இவளுக்கு இடம் உண்டு. இல்லைன்னா பட்டியல்ல அடுத்த ஆளுக்குப் போயிரும். ஆனா ஒண்ணு சொல்லிப்போடறேன். இது கல்லூரிக் கோப்புல இருக்கும். நாளைக்கு ஆராவது கேட்டா இல்லைன்னு நான் மறைக்க மாட்டேன். உங்களுக்கு இதனால என்ன வரும்னு தெரியுமுங்களா?"

"தெரியுமுங்க" என்றேன்.

"வேண்டாம்ணே" என்றாள் அவள். "உங்க வேலை போயிரும்."

"நீ சும்மா இரு கண்ணு" என்று அதட்டினேன். அதட்டுவதற்காவது எனக்கு வாய் இருந்ததே.

எழுதினேன். என்ன தேதியில் சேர்ந்தாள், என்ன தேதியில் நின்றாள், அந்தப் பேர் அவள் பேர் இல்லை, சேர்ந்தபோது வயது பன்னிரண்டு, அது எனக்குத் தெரியும், தெரிந்தே எழுதினேன். நான்கு பேரும் வாங்கிப் படித்தார்கள். நான்கு பேரும் அவள் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார்கள். "திங்கக்கிழமை வந்து சேந்துருங்க ஒச்சம்மாள். சட்டம், முதலாமாண்டு" என்றார் சாமியாத்தாள்.

வெளியே வராந்தாவுக்கு வந்தோம். அவள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது என் செல்போன் அடித்தது. முதலாளி.

"என்னுங்க கிட்டுசாமி, முடிஞ்சுதுங்களா? அப்படி ஆளே இல்லைன்னு காட்டிட்டீங்கல்ல?"

முதலாளி பேசினால் வாயைப் பொத்திக்கொண்டு தள்ளிப் போய்ப் பேசுவது என் வழக்கம். அன்றைக்குத் தள்ளிப் போகவில்லை.

"இல்லீங்க மொதலாளி. ஆளு இருக்குதுங்க. ஒச்சம்மாள். செக்கிங் செக்சன். எட்டு வருசம் நம்மகிட்டத்தான் வேலை பாத்துச்சுங்க. பன்னெண்டு வயசுப் புள்ளைன்னு தெரிஞ்சே நாந்தானுங்க பேர மாத்தி எழுதுனேன். இப்ப எங்கைப்பட எழுதியும் குடுத்துட்டனுங்க."

அந்தப் பக்கம் மிஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"நாளைக்கு நான் வேலைக்கு வரோணுங்களா, வேண்டாமுங்களா?" என்று கேட்டேன்.